பலாப்பழமும் முதுகுப்பையும்

முதுகுப்பையோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் சிறு பைக்குத் தமிழில் தனிப் பெயர் ஏதும் நிலைபெறவில்லை. கடைக்காரர் 'பவுச்' என்கிறார். மாணவர்களும் அப்படியே சொல்கிறார்கள். எங்களுள் ஒருவர் 'இணைப்பை' என்று பெயர் சூட்டிப் பார்த்தார். இணை, பை என்று பிரித்தால் பொருள் சரியாகவே வரும். ஆனால் 'இணைப்பு' என்னும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவமும் அதுவே ஆகிவிடுவதால், "இணைப்பை இறுக்கிக் கட்டுங்கள்" என்றால் எதைக் கட்டுவது என்று கேட்பவர் விழிக்க நேர்ந்தது. சொல்லாராய்ச்சியை அத்தோடு நிறுத்திக்கொண்டு 'சிறுபை' என்றே அழைக்கலானோம். இக்கட்டுரையிலும் அப்பெயரே வரும்.

பெயர் எதுவானாலும் அதன் குணம் ஒன்றுதான். கடையில் மாட்டி வைத்திருக்கும்போது பெரிய பையோடு ஒட்டிக்கொண்டு அடக்கமாக இருக்கும். தோளில் ஏற்றி நடக்கத் தொடங்கிய அரைமணி நேரத்தில் தலையைச் சாய்த்துக் கீழிறங்கும். இன்னும் சற்று நேரத்தில் ஆடத் தொடங்கும். பாறையில் ஏறும்போது ஒரு பக்கமாகச் சரிந்து, இறங்கும்போது இடுப்பில் வந்து இடிக்கும். நகரப் பேருந்தில் போய்வருபவர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. எங்களுக்கு அது தலைபோகிற காரியமாக ஆனதற்குக் காரணம் உண்டு.

நாங்கள் நால்வர். ஒரே கல்லூரியின் தமிழ்த்துறையில் பணிபுரிபவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு விடியுமுன் புறப்பட்டு, மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏதேனும் ஒன்றில் ஏறி, அங்குள்ள குகைத்தளத்தையும் கல்வெட்டையும் பார்த்துவிட்டு, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுவது வழக்கம். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, சமணர் மலை என்று மாறி மாறிப் போவோம். இமயத்தில் ஏறியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். இவையெல்லாம் சிறு குன்றுகளே. ஆனாலும் பிடிமானம் இல்லாத சரிவுப் பாறையில் இரண்டு கால்களையும் நம்பி ஏறும் இடங்கள் இவற்றிலும் உண்டு.

இக்குன்றுகளின் கற்படுக்கைகளில் படுத்துறங்கிய சமண முனிவர்களுக்குச் சுமை என்று ஒன்று பெரிதாக இருந்ததில்லை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குப் புறப்படும்போது எடுத்துக்கொள்பவை பிச்சைப் பாத்திரம், தோளில் ஓர் உறி, கையில் மயிற்பீலி, அவ்வளவே. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மதுரைவரை நடப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. அரைநாள் குன்றேற்றத்துக்கு நாங்கள் கொண்டுசெல்லும் பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் அவர் நகைத்திருப்பார். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கைவிளக்கு, குறிப்பேடு, அளவு நாடா, புகைப்படக் கருவி, ஐராவதம் மகாதேவனின் நூலிலிருந்து எடுத்த படிகள், இட்லிப் பொட்டலம். இவற்றோடு அந்தச் சிறுபை.

சிறுபை எங்களுள் மூத்தவருக்கானது. ஐயா என்றே அவரை அழைப்போம். பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். நடப்பது நல்லது என்று சொன்ன மருத்துவர், குன்றுகளுக்குப் போக நான்கு நிபந்தனைகளை விதித்திருந்தார். ஏறுமுன் சாப்பிட வேண்டும். ஏறுமுன்னும் இடையிலும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். தனியே போகக் கூடாது. விரைந்து செரிக்கும் சர்க்கரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே சோதனைக் கருவி, அதற்குரிய பட்டைகள், குளுக்கோஸ் தூள், பழச்சாறு அடைத்த சிறு புட்டி, ஒரு பொட்டலம் பிஸ்கட் ஆகியவை அந்தப் பைக்குள் இருக்கும். எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ வரும்.

இவற்றைப் பெரிய பைக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வியர்வை கொட்டி, கை நடுங்கி, சொல் குழறும் அந்நேரத்தில், இட்லிப் பொட்டலத்துக்கும் கல்வெட்டுப் படிகளுக்கும் அடியில் குளுக்கோஸைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஐயா தம் சட்டைப்பையிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் இயலாது. குனிந்து ஏறுகையில் சட்டைப்பையிலிருந்து விழாத பொருள் உலகில் இல்லை.

எனவே எங்களுள் இளையவரின் முதுகுப்பையில் சிறுபையை மாட்டினோம். அவர் எப்போதும் ஐயாவுக்கு ஓரடி முன்னால் நடப்பார். முதுகுப்பையில் இருக்கும் பொருள், அதைச் சுமப்பவரின் கைக்கு எட்டாது; அவருக்குப் பின்னால் வருபவரின் கைக்கே எட்டும். இந்த எளிய உண்மையை வைத்துத்தான் எங்கள் ஏற்பாடு அமைந்தது. ஐயா யாரையும் கூப்பிட வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். கையை நீட்டினால் போதும்.

ஏற்பாடு நன்றாகவே இருந்தது. சிறுபைதான் ஒத்துழைக்கவில்லை. மேலே இரண்டு கொக்கிகளில் தொங்கிய அது, நடக்க நடக்கக் கீழிறங்கி, வாய் பக்கவாட்டில் திரும்பி ஆடியது. கை நீட்டும்போது ஓரிடத்திலும் பிடிக்கும்போது வேறிடத்திலும் இருந்தது. கீழவளவில் ஒருநாள், ஆட்டத்தில் ஜிப் தானாக இளகி, சோதனைப் பட்டைகள் இருந்த சிறு டப்பா நழுவிப் பாறையிடுக்கில் விழுந்துவிட்டது. கீழே இறங்கி ஓரிடத்தில் உட்கார்ந்த பிறகே அது தெரிந்தது. அன்று அசம்பாவிதம் ஏதும் நேரவில்லை. ஆனால் ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசத்துல இருந்து நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. எனக்காக ஒரு மூட்டை, அந்த மூட்டைக்கு ஒரு ஆள். இது எதுக்கு?"

நாங்கள் மறுத்துச் சொன்னவை எவையும் அவர் காதில் ஏறவில்லை. உபசாரச் சொற்களால் அவரை மலைக்கு அழைத்துவர இயலாது என்பது தெரிந்தது. அந்தப் பை தொங்காமல் இருந்தால் மட்டுமே அவர் வருவார். ஆகவே பை ஏன் தொங்குகிறது என்ற வினாவை எடுத்துக்கொண்டோம்.

தொங்கல் என்பது ஒரே கோளாறாகத் தோன்றினாலும் அதற்குள் நான்கு கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது, பிடிப்பு இருக்கும் இடம். மேலே மட்டும் பிடித்திருந்தால் பையின் அடிப்பகுதி ஆடும். நடுவில் மட்டும் பிடித்திருந்தால் தலைப்பகுதி வெளியே கவிழும். இரண்டாவது, பின்னால் இருக்கும் துணி. பெரிய பையின் துணி மெல்லியதாகவும் உட்புறம் வெற்றிடமாகவும் இருந்தால், சிறுபையின் பாரம் அதை உள்ளே குழித்துவிடும். குழியில் சாய்ந்த பை பிறகு நிமிராது. மூன்றாவது, வார். நைலான் நாடா வழுவழுப்பானது. ஈரம் பட்டால் சற்றே நீளவும் செய்யும். பிளாஸ்டிக் பக்கிளின் பற்கள் தேய்ந்திருந்தால் ஒவ்வோர் அதிர்விலும் ஒரு நூலிழை அளவுக்கு வார் நழுவிக்கொண்டே போகும். நான்காவது, உள்ளே இருக்கும் பொருள்கள். பாதி நிரம்பிய பையில் புட்டியும் கருவியும் உருண்டு ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பையும் அம்மூலைப் பக்கமாகவே சாயும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சுமை முதுகிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது எளிது. அதே புட்டியைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு நிமிடத்தில் தோள் கெஞ்சும். நிறை மாறவில்லை, தூரம் மட்டுமே மாறியிருக்கிறது. சிறுபை தொங்கி வெளியே தள்ளிப்போகும் ஒவ்வோர் அங்குலமும் சுமப்பவரின் தோளைப் பின்னுக்கு இழுக்கிறது. அதைச் சமன்செய்ய அவர் தம்மையறியாமல் முன்னே குனிகிறார். குன்றிலிருந்து இறங்கிய மறுநாள் எங்கள் இளையவர் இடத்தோளைத் தேய்த்துக்கொண்டே வகுப்புக்குப் போனதன் காரணம் இதுதான்.

இப்படிச் சுமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் பத்துப்பாட்டு வகுப்பில் மலைபடுகடாம் நடந்துகொண்டிருந்தது. அதில் கூத்தர்கள் தம் இசைக்கருவிகளைப் பைகளில் இட்டுக் கட்டிக் காவிக்கொண்டு மலைவழியே போகிறார்கள். அந்தப் பைக்குக் கலப்பை என்று பெயர். இன்று உழவுக்கருவியை நினைவூட்டும் அச்சொல் அங்கே கலம் இடும் பை. இருபுறமும் ஒத்த கனம் உள்ளவையாகக் கட்டப்பட்ட அப்பைகளுக்குப் புலவர் கூறும் உவமை, கார்காலத்துப் பலாவின் காய்க்கொத்து. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து வணிகச் சாத்தோடு போகும் கழுதைகள் வருகின்றன. முதுகில் தழும்பேறிய அக்கழுதைகள் தாங்குவதும் இருபுறமும் ஒத்த பாரம்; அதற்குப் புணர்ப்பொறை என்று பெயர். அதற்கும் பலாப்பழமே உவமை.

இரு வேறு பாட்டுகளில், இரு வேறு புலவர்கள், மூட்டை என்றதும் பலாவை ஏன் நினைத்தார்கள்? உருண்டு திரண்ட வடிவம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூட்டை கட்டுபவரின் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தென்படுகிறது. மா நுனிக்கொம்பில் காய்க்கும். காற்றடித்தால் ஆடும், உதிரும். பலா தன் பழங்களை அடிமரத்திலும் பெருங்கிளையிலும் ஒட்டித் தாங்குகிறது. பத்துக் கிலோவுக்கு மேல் வரும் பழத்தைக் கொம்பின் நுனியில் வைத்தால் கொம்பு முறிந்துவிடும் என்பது மரத்துக்குத் தெரிந்திருப்பதுபோல இருக்கிறது. மிகுந்த கனம் உடலுக்கு மிக அருகே இருக்க வேண்டும் என்னும் விதியை அது எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. பெரும்பாணாற்றுப்படைப் புலவர் பழம் அடிமரத்தில் தொங்குவதையும் விடாமல் குறிப்பிடுகிறார்.

அப்படியானால் தொங்குவது எல்லாமே குற்றமா என்ற கேள்வி எழும். உறியில் தயிர்ப்பானை தொங்குகிறது. காவடித்தண்டின் இருபுறமும் பாரம் தொங்குகிறது. அவை சிந்துவதுமில்லை, சுமப்பவரை வீழ்த்துவதுமில்லை. உறியின் கயிறுகள் எல்லாம் மேலே ஒரு புள்ளியில் கூடுகின்றன. பானையின் கனம் அப்புள்ளிக்கு நேர் கீழே வந்து நின்றுகொள்கிறது. தண்டு எப்படிச் சாய்ந்தாலும் பானை நிமிர்ந்தே இருக்கும். அது முழுவதும் தொங்கும் பொருள். பலாப்பழம் முழுவதும் ஒட்டியிருக்கும் பொருள். எங்கள் சிறுபையோ ஒரு விளிம்பில் தொங்கி, மறுபுறம் பெரிய பையில் சாய்ந்து, இரண்டுங்கெட்டானாக இருந்தது. அதைப் பலாவின் பக்கம் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

இதே சிக்கலைப் படைவீரர்களின் பைகளுக்காக அமெரிக்கத் தரைப்படை யோசித்து, 1990களின் இறுதியில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. 'மோலி' என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். பெரிய பையின்மேல் ஓரங்குல அகல நாடாக்களைக் குறுக்காக, ஓரங்குல இடைவெளி விட்டு, வரிசை வரிசையாகத் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாடாவும் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையலாகப் பையோடு பிடிக்கப்பட்டிருக்கும். சிறுபையின் முதுகிலும் அதே போன்ற நாடா வரிசை இருக்கும். சிறுபையின் வாரைப் பெரிய பையின் நாடாவுக்குள் நுழைத்து, அடுத்துச் சிறுபையின் நாடாவுக்குள் நுழைத்து, மீண்டும் பெரிய பை என்று மாறி மாறிப் பாய் முடைவதுபோல் கீழ்வரை கொண்டுவந்து பொத்தானில் முடிக்க வேண்டும். அப்படி முடைந்தால் மேலிருந்து கீழ்வரை அங்குலத்துக்கு அங்குலம் பிடிப்பு இருக்கும். பெரிய பையின் நாடாக்களில் மட்டும் வாரை நேராகச் செருகி விட்டுவிட்டால், பார்வைக்கு மாட்டியதுபோல் தோன்றுமே ஒழியத் தொங்கல் நீங்காது. இம்முறையில் தைத்த பைகள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன.

எங்கள் இளையவரின் பையில் அத்தகைய நாடா வரிசை இல்லை. பையையும் சிறுபையையும் எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்து வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனோம். அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "மேல மட்டும் புடிச்சா எதுவும் தொங்கத்தான் சார் செய்யும். கீழயும் ஒரு புடி வேணும்" என்றார். அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வும் அதைத்தான் சொல்கிறது.

பெரிய பையின் இடப்பக்கத்தில், முதுகைத் தொடும் பகுதிக்கு எவ்வளவு அருகே முடியுமோ அவ்வளவு அருகே, மூன்று குறுக்கு நாடாக்களை அவர் தைத்தார். வெளிமுகத்தில் தைக்காமல் பக்கவாட்டில் தைக்கச் சொன்னது நாங்கள். கனம் முதுகை ஒட்டி இருக்கட்டும் என்பது ஒரு காரணம். ஐயா ஊன்றுகோலை வலக்கையில் பிடிப்பவர், அவருடைய இடக்கையே ஓய்வாக இருக்கும் என்பது மற்றொன்று. மெழுகு தடவிய நைலான் நூலைக் குத்தூசியில் கோத்து, நாடாவின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியுமாகத் தையல் போட்டார். ஒரே கோடாகத் தைத்தால் இழுவை முழுவதும் அந்த ஒரு வரியில் விழுந்து துணி கிழியும். சதுரமாகத் தைத்தால் இழுவை பங்கிடப்படும். சிறுபையின் அடியில் இரண்டு குட்டை வார்களையும் அவற்றுக்குக் கிளிப்பையும் வைத்தார். நிரந்தரமாகச் சேர்த்துத் தைத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றோம். ஐயா தனியே ஓரிடத்தில் அமர விரும்பினால் பையைக் கழற்றி அவர் பக்கத்தில் வைக்க வேண்டுமல்லவா?

எஞ்சிய வேலைகளை நாங்களே செய்தோம். பழைய பிளாஸ்டிக் கோப்பு ஒன்றின் அட்டையை அளவாக வெட்டி, முனைகளை வட்டமாக மழித்து, சிறுபை அமரும் இடத்துக்கு நேர் உள்ளே, பெரிய பையின் உட்புறமாக நிறுத்தினோம். துணி குழிவது அத்தோடு நின்றது. அட்டைக்குப் பின்னால் மடித்த துண்டைத் திணித்து வெற்றிடத்தையும் நிரப்பினோம். வார்களின் நுனியைப் பக்கிளில் ஒருமுறை நுழைத்து இழுத்ததோடு விடாமல், மறுபடியும் மடக்கி அதே பக்கிளில் நுழைத்தோம். அப்போது வார் தன்னைத் தானே அழுத்திக்கொள்வதால் நழுவாது. எஞ்சி நின்ற நுனியைச் சுருட்டி நூலால் கட்டினோம்.

அடிப்பகுதிக்கு இன்னொரு காவலும் வைத்தோம். சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி, சிறுபையையும் பெரிய பையின் பக்கவாட்டு வாரையும் சேர்த்து ஒரு சுற்று. மிதிவண்டியின் பின்னிருக்கையில் சாக்கு மூட்டை கட்டுபவர்கள் எல்லாரும் அறிந்த உத்தி இது. ரப்பர் வழுக்காது, அதிர்வை வாங்கிக்கொள்ளும், தளர்ந்தால் மறுபடி இழுத்துக்கொள்ளும். நைலான் கயிற்றுக்கு இக்குணங்கள் இல்லை.

பைக்குள் புட்டியை அடியில், முதுகுப் பக்கமாக நிறுத்தினோம். கருவியை மெல்லிய துணியில் சுற்றி அதன்மேல் வைத்தோம். குளுக்கோஸ் தூள் எல்லாவற்றுக்கும் மேலே. உருள இடமில்லாதபடி பக்கங்களில் கைக்குட்டைகள். ஜிப்பின் இழுப்பானில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு கயிற்றுக் கண்ணி முடிந்தோம். நடுங்கும் விரல்களால் சிறு உலோகத் துண்டைப் பிடிக்க இயலாது. கண்ணியில் விரலை மாட்டி இழுத்துவிடலாம். கடைசியாக, எதிர்ப்பக்கமான வலப்பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைச் செருகினோம். தண்ணீர் குறையக் குறைய அது சிறுபையின் கனத்துக்கு அருகே வந்து நிற்கும். புணர்ப்பொறை என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க இப்போது எங்களிடம் ஒரு காட்சிப்பொருள் இருக்கிறது.

சோதனைக்கும் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். பையை முதுகில் ஏற்றி நின்ற இடத்திலேயே பத்து முறை குதிப்பது. பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து நிமிர்வது. சிறுபைக்கும் பெரிய பைக்கும் நடுவே இரண்டு விரல்கள் எளிதாக நுழைந்தால் வார் தளர்ந்திருக்கிறது என்று பொருள். நடக்கத் தொடங்கிக் கால்மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்து இறுக்கிவிட வேண்டும். புதுத் தையலும் புது நாடாவும் முதல் நடையில் சற்றே இளகிக் கொடுக்கும்.

இத்தனையும் முடித்து ஐயாவின் வீட்டுக்குப் பையை எடுத்துப் போனோம். அவர் தம் வாழ்நாளில் எத்தனையோ ஆய்வேடுகளைத் திருத்தியவர். அதே பார்வையோடு தையலைப் பார்த்தார். கண்ணியில் விரலை மாட்டி இழுத்து மூடினார். இருமுறை கீழ்நோக்கிப் பலமாக இழுத்தார். பை அசையவில்லை. "சரி, மாங்குளம் போவோம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாங்குளம் குன்று மீனாட்சிபுரத்தில் இருக்கிறது. 2022இல் அரிட்டாபட்டியோடு சேர்த்துப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 1882இல் ராபர்ட் சீவெல் அங்கே கல்வெட்டுகளைக் கண்டார். அத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். நெடுஞ்செழியன் என்னும் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. தமிழ் படித்தவனுக்கு அப்பெயரைத் தாளில் காண்பதும் பாறையில் காண்பதும் ஒன்றல்ல. ஐயா அதைப் பலமுறை பார்த்திருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல்முறை பார்ப்பவரைப் போல நின்றுவிடுவார்.

அன்று பாதிக் குன்று ஏறியிருப்போம். பின்னால் ஐயாவின் பேச்சு நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள், முன்னே நடந்த இளையவர் தம் முதுகில் ஓர் இழுப்பை உணர்ந்து அப்படியே நின்றுவிட்டார். ஐயாவின் இடக்கை கண்ணியில் இருந்தது. ஜிப் ஒரே இழுப்பில் திறந்தது. குளுக்கோஸை அவரே எடுத்தார்; நாங்கள் உட்காரவைத்து நீரில் கலந்து கொடுத்தோம். கருவி 58 என்று காட்டியது. பதினைந்து நிமிடம் யாரும் பேசவில்லை. மறுபடி சோதித்தபோது 92. பிறகு இரண்டு இட்லி. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இறங்கிவிடலாமா என்று நாங்கள் கேட்டதற்கு, இங்கேயே இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அரைமணி கழித்து மீண்டும் சோதித்தோம்; அளவு குறையவில்லை. பிறகு மெல்ல ஏறினோம்.

கற்படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது பலாவைப் பற்றிய எங்கள் ஆராய்ச்சியை அவரிடம் சொன்னோம். கவனமாகக் கேட்டார். உவமைக்கு வடிவ ஒப்புமையும் தொழில் ஒப்புமையும் போதும், மரத்தின் உள்ளத்துக்குள் எல்லாம் நாம் புக வேண்டியதில்லை என்று ஆசிரியராக ஒரு திருத்தம் சொன்னார். சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு. பலா மரம் எதையும் சுமக்கிற மாதிரியே தெரியாது, பாத்திருக்கீங்களா?" என்றார். மூட்டையைப் பற்றியும் ஆளைப் பற்றியும் அவர் பிறகு பேசவே இல்லை.

வாசகர்களில் மலைக்கோ கோயில் நடைப்பயணத்துக்கோ போகிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் முதுகில் மாட்டும் சிறுபையில் இருப்பது பெரும்பாலும் பின்னால் வருபவருக்குத் தேவைப்படும் பொருளாகவே இருக்கும். புறப்படுமுன் அதை அவரையே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஐயா இப்போதும் ஒவ்வொரு குன்றின் அடிவாரத்திலும் இடக்கையால் பையை இருமுறை கீழ்நோக்கி இழுத்துப் பார்க்கிறார். அது அசையாமல் இருந்தால் ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதன் பிறகே ஏறத் தொடங்குகிறோம்.